கெழு பூஜ்யம்

அக்டோபரில் யூலிஷ் நகரம்
வேகவைத்த பீட்ரூட் மாதிரி மணக்கும்.
சர்க்கரை ஆலை இரவெல்லாம் ஆவி விடும்,
மண் ஒட்டிய கிழங்கோடு லாரிகள் போகும்.
ஆய்வகச் சன்னலைச் சாத்தினாலும்
இனிப்பும் சேறும் கலந்த அந்த வாடை
என் கம்பளிச் சட்டைக்குள் இருக்கிறது.

உள்ளே குளிர்கலம்
கீச், கீச் என்கிறது.
தங்கம் பூசிய தட்டுகளுக்கு அடியில்
தனிச்சுழிக்கு நூறில் ஒரு பாகை மேலே
பதினோராவது க்யூபிட்.
பார்த்ததில்லை.
தட்டுவேன், கேட்பேன். அவ்வளவுதான் பழக்கம்.

ஒரு தட்டு இருபது நானோநொடி.
கண்ணிமைக்கும் நேரம் ஒரு மாத்திரை என்று
பள்ளியில் படித்தேன்.
அந்த மாத்திரைக்குள்
இந்தத் தட்டு ஒன்றரைக் கோடி தடவை அடங்கும்.
மெல்லத் தட்டினால்
பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே தொங்கும்.
வெடுக்கென்று தட்டினால்
இரண்டுக்குத் தாவிவிடும்,
எங்கள் கணக்கில் இல்லாத மாடி அது.
ஆகவே
உதடு குவியாமல் முடியும் குற்றியலுகரம் போல
துடிப்பின் விளிம்பைத் தணித்து,
அதன் சரிவையே தொண்ணூறு பாகை தள்ளி
கூடவே அனுப்புகிறேன்.

ஒரு தட்டில் தெரியாத பிழை
நூறு தட்டு அடுக்கினால் தெரியும்.
அடுக்கினேன்.
பத்தாயிரத்தில் மூன்று.
கெசீனேயின் மாதிரி
நேற்றே இதைச் சொல்லியிருந்தது.
அவளுக்கு ஒரு காபி கடன்.

மூன்று நாற்பதுக்கு எண்கள் சரிந்தன.
அறுபது மைக்ரோநொடி நின்ற நினைவு
ஒன்பதில் விழுந்தது.
கம்பியைத் திட்டினேன், லாரியை, பிறகு என்னை.
போனில் எழுப்பினேன்.
கொட்டாவிக்கு நடுவே கெசீனே கேட்டாள்:
"மாதிரியில் இல்லாத யாராவது வந்திருக்கிறார்களா?"

வந்திருந்தது.
ஆக்சைடு படலத்தில் எங்கோ
இரண்டு இருக்கைக்கு நடுவே
மாறி மாறி உட்காரும் ஏதோ ஒன்று
எங்கள் அலைவெண்ணுக்குப் பக்கத்தில் வந்து
ஆற்றலைக் குடித்துக்கொண்டிருந்தது.
பெயர் தெரியாது, ஊர் தெரியாது.
சமன்பாட்டில் ஓர் உறுப்பு கூட்டினேன்,
பந்தியில் இன்னோர் இலை போடுவதுபோல.
அளவையும் மாதிரியும்
மறுபடி ஒரே கோட்டில் படுத்தன.

ஆறு மணிக்குப் போய்விட்டது.
போய் வருகிறேன் என்று சொல்லவில்லை.
அறுபது பழையபடி அறுபது.

நனைந்த ஹெல்மெட்டோடு வந்த கெசீனே
"அந்த உறுப்பை அழித்துவிடு, அசிங்கமாக இருக்கிறது" என்றாள்.
அழிக்கவில்லை.
கெழுவை மட்டும் பூஜ்யமாக்கினேன்.
இலை போட்டபடி கிடக்கட்டும்.

வீடு திரும்பும் வழியில்
நேற்றைய பழக்கத்தில் கை திருப்பிய வளைவில்
நேற்று இல்லாத ஒரு கிழங்கு.
சைக்கிள் அதன்மேல் ஏறி இறங்கியது.