கழிவு

கட்டபெட்டுக்குக் கீழே
எங்கள் பச்சைத்தேயிலைக் கொட்டகையில்
மழைநாளுக்குக் கழிவு, மூட்டைக்கு இரண்டு கிலோ.
ஈரத்துக்குக் காசு கிடையாது என்பார் ஏஜென்ட் போஜராஜன்.
வெயிலடித்த நாட்களிலும்
அந்த இரண்டு கிலோ ஈரம்
காயவே இல்லை.

புதுத் தராசு. எண்கள் என் பக்கம் மட்டும் எரியும்.
பழையதற்கு நடுவில் ஒரு நா இருந்ததாம்.
இதற்கு இல்லை,
என்னுடையதுதான்.
முப்பத்தொன்று என்று காட்டும்.
இருபத்தொன்பது என்பேன்.

ரசீதுப் புத்தகத்துக்கு அடியில்
அஞ்சல்வழித் தத்துவம், இரண்டாம் ஆண்டு.
‘அறத்தின் அடிப்படை யாது? பத்து மதிப்பெண்.’
விதித்ததைச் செய், ஏனென்று கேளாதே என்கிறது ஒரு பக்கம்.
செய்கையில் இல்லை, எண்ணத்தில் இருக்கிறது என்கிறது அடுத்தது.
மறுபிறவியே இல்லை என்றவனுக்கு
நாலே வரி,
அதுவும் அவன் எதிரிகள் எழுதி வைத்தது.
மனப்பாடம் செய்துகொண்டே
கழித்துக்கொண்டிருந்தேன்.

மற்றவர்கள் மூட்டையைப் போட்டுவிட்டுப் போவார்கள்.
மாதியம்மா மட்டும்
எடை முடிந்ததும் தானே தூக்கிப்போய்க்
குவியலின் கோடியில் கொட்டுவாள்,
சாக்கைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வாள்.
சுத்தக்காரி என்று நினைத்திருந்தேன்.

ஐப்பசியில், மழை விட்ட ஒரு செவ்வாய்.
ஏன் என்று கேட்டால் தெரியாது.
பயமில்லை. புண்ணியமில்லை.
பரீட்சைக்குக்கூட இன்னும் இரண்டு மாதம் இருந்தது.
தராசை அவள் பக்கம் திருப்பி வைத்தேன்.
இருபத்தாறு நானூறு.
அதையே எழுதினேன்.

ரசீதை வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.
வளைவில் ஏதோ லாரி
ரிவர்ஸ் எடுக்கும் சத்தம்.
“இரு தம்பி” என்றாள்.
தோள்வரை கையை இலைக்குள் விட்டு
ஒரு கல்லை எடுத்தாள்.
ஓடைக்கல். கைபட்டுக் கைபட்டு
எண்ணெய் பூசினதுபோல் இருந்தது.
மேசைமேல் வைத்தாள்.
“இப்போ போடு.”

இருபத்து நாலு ஐந்நூற்றைம்பது.
அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும்.
தலைத்துண்டை இறுக்கிக்கொண்டு
மேட்டில் ஏறிப்போனாள்.

பரீட்சையில் வழக்கமானதையே எழுதினேன்.
பத்துக்கு ஆறு.
ஈரம் எங்கே போச்சு என்று
போஜராஜன் இன்னும் கேட்கிறார்.

கல் இங்கேதான் இருக்கிறது,
ரசீதுகள் காற்றில் பறக்காமல்.
ஆளில்லாத மத்தியானங்களில்
அதே கணக்கை மறுபடி போடுகிறேன்:
நான் எடுத்தது இரண்டு.
அவள் வைத்தது ஒன்று எண்ணூற்றைம்பது.
மூட்டைக்கு நூற்றைம்பது கிராம்,
மூன்று வருஷம்.
அதை யாருக்கு விட்டுவைத்தாள்?

ஓடையில் இதைவிடப் பெரிய கற்கள்
நிறையக் கிடக்கின்றன.