முப்பது மீற்றருக்குப் பிறகு

பொன்னாடை என்றார்கள். பொலியெஸ்டர்.
ஓரம் மடிக்காமல் வெட்டியது,
தோளில் விழுந்ததும் நூல் பிரிந்தது.
மனையியல் ரீச்சருக்குக் கண் அங்கேதான் போகும்.

'பயிற்றுநர் திருமதி கலாமதி விமலேந்திரன்'
ஒலிவாங்கி இரண்டு தரம் கூப்பிட்டது.
முதல் தரம் நான் எழும்பவில்லை.
வேறு யாரோ என்று கைதட்டிக்கொண்டிருந்தேன்.

விளையாட்டுக்கு ஆசிரியர் இல்லாத வருடம்.
என் நேரசூசியில் ஒரு கட்டம் வெறுமை.
அதிபர் அதில் விரலை வைத்து
'பரிதிவட்டம், ரீச்சர்' என்றார்,
பருப்பு வடை என்று சொல்வதுபோல.

நிலாவெளி முழுக்க எங்களுக்கு ஒரே ஒரு தட்டு.
விதிப்புத்தகத்தைச் சோறு வேகும்வரை வாசித்தேன்.
வட்டம் இரண்டரை மீற்றர்.
விளிம்பை மிதித்தால் பிழை.
எறிந்தபின் பின்பாதியால் வெளியேற வேண்டும்.
எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்,
மிச்சம் யதுர்ஷிகாவின் இடுப்புக்குத் தெரிந்திருந்தது.
எதிர்க்காற்றில் தட்டு கூட மிதக்கும் என்பதை
இருவருமாய்ப் பிந்தித்தான் கண்டுபிடித்தோம்;
அதுவரை காற்று திரும்பட்டும் என்று
காத்திருந்து காத்திருந்து எறிந்தோம், மடைச்சிகள்.

மைதானம் முடிகிற இடத்தில் முட்கம்பி,
அதற்கங்கால் உப்பளம்.
அவளுடைய அம்மா புவனலோசனி அங்கேதான்
உப்பு வாருகிறாள்.
தட்டு விழுந்த சத்தம் கேட்டால்
வாருகோலைச் சாய்த்துவிட்டு நடந்து வருவாள்,
குழியில் ஒரு பூவரசங்கம்பு குத்துவாள்.
'நேற்றையிலும் நாலு சாண்.'
அதற்குமேல் ஒரு சொல் இல்லை.
தட்டைச் சேலையில் துடைத்துக்
கம்பிக்கு மேலால் தருவாள், சூடாக இருக்கும்.

பள்ளிக்கூட நாடா முப்பதில் முடியும்.
ஒரு செவ்வாய்க்கிழமை தட்டு முடியவில்லை.
கைப்பையைக் கிளறினேன்.
தையல் நாடா, அறுபது அங்குலம், மஞ்சள்.
உப்புச் சேற்றில் முழந்தாளிட்டு
ஒரு தரம் வைத்தேன், இன்னொரு தரம் வைத்தேன்,
பிறகு மூன்று விரற்கடை.
சட்டைக் கழுத்துக்கும் கைக்கும் தவிர
வேறொன்றையும் அளந்திராத நாடா.
முழங்கால் இரண்டு நாள் எரிந்தது.

மாகாணப் போட்டியன்று மக்கெய்சரில்
மூன்று கால் வைத்த கருவியொன்று
முப்பத்து மூன்று மீற்றர் பத்து என்று காட்டியது.
எல்லாரும் கத்தினார்கள்.
நான் அங்குலத்தைச் சென்ரிமீற்றராக்கி
உள்ளங்கையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
நாடா பொய் சொல்லவில்லை.

விழாவில் பிரதம விருந்தினர்
அவளை யதுர்ஷினி என்றார்.
கிண்ணத்தை வாங்கி, சிரித்து, திரும்பி,
முன்படி இருக்க
மேடையின் பின்பக்கத்தால் இறங்கினாள்.
அரங்கில் இரண்டு பேருக்குத்தான் அது விளங்கியது.
மற்றவள் கடைசி வரிசையில்,
கழுவியும் போகாத வெடிப்புக் கைகளை
மடிக்குள் வைத்துக்கொண்டு.

பட்டியல் மூன்றாம் இடத்தோடு நின்றுவிட்டது.
எண்ணூறு மீற்றரில் நாலாவதாய் வந்த ஹம்தான்
கதிரை அடுக்கிக்கொண்டிருந்தான்.
நோன்போடு ஓடியவன். கோட்டில் விழுந்தபோது
நீட்டிய போத்தலைக் கையால் தடுத்து,
'முகத்தில மட்டும் ஊத்துங்கோ, ரீச்சர்' என்றவன்.
ஒரு செக்கனில் பாதி.
அதை எந்த நாடாவால் அளப்பது என்று
இன்னும் எனக்குத் தெரியாது.
நானும் நாலு கதிரை தூக்கினேன்.
பொன்னாடை தடுக்கியது, இடுப்பில் செருகினேன்.

வீட்டில் விரித்துப் பார்த்தேன்.
எழுபத்திரண்டு அங்குலம், ஒரு பக்கம் கோணல்.
நல்ல சிவப்பு, தூரத்துக்குத் தெரியும்.
ஆறு கொடி வெட்டலாம்,
புவனாவின் கம்புகளில் கட்டலாம்.
ஓரம் மட்டும் இரட்டையாய் மடித்துத் தைக்கவேண்டும்.
இல்லாவிட்டால் சோளகம்
ஒரு கிழமையில் உரித்துப்போடும்.