கடைசி எண் நாற்பத்தொன்று

சயான் கோலிவாடா, மூன்றாம் மாடி.
ஒரு ரௌட்டர், நாலு அறைகள்.
மாதம் எழுநூறு ரூபாயை நாலாக வகுத்தால்
நூற்றெழுபத்தைந்து. மீதி இல்லை.
கேபிள் கம்பெனியில் வேலை என்பதால்
வசூலும் நான், பாஸ்வேர்டும் நான்,
மழையில் வயர் அறுந்தால் வசவும் எனக்கு.

புதிதாக ஒரு போன் உள்ளே வந்ததும்
யாரிடம் என்று தெரியாமல்
பொதுவாகக் கத்தும்:
இங்கே யாராவது இருக்கீங்களா,
எனக்கு ஒரு முகவரி வேணும்.
ரௌட்டர் கையிலிருப்பதில் ஒன்றை நீட்டும்.
இந்தா, கடைசி எண் முப்பத்தாறு.
இருபத்துநாலு மணி நேரம் உன்னுடையது.
பாதி நேரம் கழிந்ததும் வந்து கேள்,
நீட்டித்துத் தருகிறேன்.

டெபாசிட் இல்லை, புரோக்கர் இல்லை.
என்ன ஆட்கள், மீன் பொரிப்பீர்களா,
ராத்திரி எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள்,
எதுவும் கேட்பதில்லை.
இந்த மும்பையில்
இப்படி ஒரு வீட்டுக்காரரை
நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

வாசலைத் தாண்டினால்
எங்கள் எல்லோருக்கும் ஒரே முகவரிதான்.
ரெஹ்மத்பி மகள் உயிரியல் பாடம் கேட்பதும்
காம்ப்ளே காக்கா பங்குச்சந்தையில் தோற்பதும்
எதிர் அறை ஜெபராணி தூத்துக்குடிக்கு
வீடியோவில் அழுவதும்
எங்கோ குளிரூட்டிய அறையில் இருக்கும் இயந்திரத்துக்கு
ஒரே ஆள் செய்வதாகத்தான் தெரியும்.
படித்து, தோற்று, அழுது
தூங்காமல் கிடக்கும்
ஒரு பெரிய ஆள்.

பதில்கள் துண்டு துண்டாகத் திரும்பி வரும்.
யார் எதைக் கேட்டார்கள் என்ற கணக்கு
ரௌட்டரிடம் மட்டும்.
நுரையீரல் படம் அவளுக்கு,
சரிந்த கோடு காக்காவுக்கு.
ஒருநாளும் மாற்றிக் கொடுத்ததில்லை,
ஒருத்தர் கதையை ஒருத்தரிடம் சொன்னதுமில்லை.

ஒருமுறை ஜெபராணி கேட்டாள்:
"அம்மா வாய் அசையுது, சத்தம் வரலை.
அந்தச் சொல்லெல்லாம் எங்கே போகுது?"
செய்தி அனுப்பினால்
தொலைந்த துண்டைத் திரும்பக் கேட்டு வாங்கும்,
வரிசையாக அடுக்கும்,
வந்துவிட்டது என்று ரசீதும் போடும்.
பேசும்போது அப்படி இல்லை.
பிந்தி வரும் சொல்லை வைத்துக்கொண்டு
என்ன செய்வது?
போனது போனதுதான் என்றேன்.
பாடம் நடத்துவது போலச் சொல்லிவிட்டேன்.
தலையாட்டினாள்.
அதற்குப் பிறகு அம்மாவுக்கு
எழுதவும் செய்தாள் என்று நினைக்கிறேன்.

ஜூலையில்
அவளுடைய பதினொரு மாத ஒப்பந்தம் முடிந்தது.
வீட்டுக்காரர் மூவாயிரம் ஏற்றினார்.
நாலாசோப்பாராவில் ஏதோ அறை,
இரண்டு பை, ஒரு பிரஷர் குக்கர்.
நூற்றெழுபத்தைந்தை எண்ணி
என் கையில் வைத்துவிட்டுப் படியிறங்கினாள்.

ராத்திரி ரௌட்டரின் பட்டியலைத் திறந்தேன்.
கடைசி எண் நாற்பத்தொன்று, ஜெபராணி போன்.
மிச்சம் ஒன்பது மணி நேரம்.
ஆள் போனது அதற்கு இன்னும் தெரியாது.
இருக்கியா என்று ஒரு பிங் அனுப்பினேன்.
பதில் இல்லை.
இன்னொன்று.
பதில் இல்லை.
இப்படி நாலு முறை கேட்பது
என் தொழில் வழக்கம், வேறொன்றுமில்லை.

பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது,
பொதுவாக பிரிண்டருக்குத்தான் அதைத் தட்டுவோம்:
இந்த எண்ணை இந்தக் கருவிக்கே ஒதுக்கு.
தட்டினேன்.
இருநூற்றைம்பத்துமூன்று எண்களில்
பதினாறுதான் புழக்கத்தில்.
யாருக்கும் நெருக்கடி இல்லை.

மறுமாதம் காக்கா
வாசலில் நின்றே கணக்குப் போட்டார்:
எழுநூறை மூன்றால் வகுத்தால்
ஆளுக்கு இருநூற்று முப்பத்துமூன்று,
மீதி ஒரு ரூபாய் யார் தலையில்?

அதை நான் போடுகிறேன் என்றேன்.
ஒவ்வொரு மாதமும்.