காரணம் என்கிற கட்டம்

பாளையங்கால் போய்ச் சேருகிற குளங்களில்
இது கடைசிக்கு முந்தினது.
தை மாதம், நிறைந்து கிடக்கிறது.
அளவுக்கல்லில் பதினொன்றே கால் அடி.
கரையில் நான், ஒரு டார்ச், ஒரு கட்டு பீடி,
பொதுப்பணித்துறை கொடுத்த ரெஜிஸ்டர்.

மேற்கே சிவன் கோயில், கிழக்கே சர்ச்.
இரண்டு குழாய் ஒலிபெருக்கியும்
தண்ணீர்மேல் வந்துதான் மோதிக்கொள்ளும்.
போதகர் சொல்கிறார், உமக்கு ஒரு குறையும் கிடையாது,
நாங்கள் இல்லாமலே நிறைவாய் இருந்தீராம்.
ஓதுவார் சொல்கிறார், எல்லாம் விளையாட்டாம்.
விளையாட்டு என்றால்
ஆடுகிறவருக்கும் கொஞ்சம் வியர்க்கணும்.
அதை விடும்.

நிறைவாய் இருந்தவருக்கு நாங்கள் எதுக்கு வே?

(கோவித்துக்கொள்ளாதேயும்.
எங்கள் ஊரில் பிரியத்துக்கும் வே, சண்டைக்கும் வே.)

மறுகால் என்றுதான் முதலில் நினைத்தேன்.
நிறைந்தது வழியும்; வழிந்தது நாங்கள்.
இருபது வருஷம் அதுவே எனக்குப் போதுமாயிருந்தது.
ஒரு மார்கழியில் மறுகால் பாய்ந்து
கிடையோடு ஆடுகளை இழுத்துப் போனது.
உடைமரத்தில் தொங்கியவற்றின் கயிற்றை
அவிழ்த்தவன் நான்.
வழிகிறதுக்கு ஆள் தெரியாது, முகம் தெரியாது.
நாங்கள் அப்படி வந்தவர்கள் இல்லை என்று
அன்றைக்குச் சொல்லிக்கொண்டேன்.
ஆசைதான். ஆதாரம் இல்லை.

தனியாய் இருந்து சலித்திருக்குமோ?
எனக்கும் பெண்டாட்டி பிள்ளை கிடையாது.
பேட்டையில் ஓர் அறை, முதல் தேதி சம்பளம்,
ஞாயிற்றுக்கிழமை சொதி.
எனக்கே சலிக்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை நடந்ததைக் கேளும்.
கடைமடையில் யேசுவடியானுக்கு
அரைக்கோட்டை விதைப்பாடு. பிசானம்.
கதிர் பால்பிடிக்கிற நேரத்தில் தரை வெடித்துவிட்டது.
ஆள் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில்
வயிற்றில் தையலோடு மயங்கிக் கிடக்கிறான்.
என்மேல் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தவன் அவன்.
காசு வாங்கிக்கொண்டு மடை திறக்கிறேனாம்.
(ஒருதரம் வாங்கினேன். அது வேறு ஆள்.)

யாரும் என்னிடம் கேட்கவில்லை.
அவன் முறை வர ஆறு நாள் இருந்தது.
ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து போய்
மூன்றாம் மடையின் திருகை
நாலு சுற்றுச் சுற்றினேன்.

தண்ணீர் போகிற வேகத்துக்கே நானும் நடந்தேன்,
ஆகாயத்தாமரையையும் பாலிதீன் பையையும்
காலால் ஒதுக்கிக்கொண்டு.
தென்னந்தோப்புப் பக்கம் அது நின்றுவிட்டது.
இறங்கிக் கையால் தோண்டினேன்.
வயலின் முதல் வெடிப்புக்குள் விழுந்தபோது
ஒரு சத்தம் வந்தது பாரும்:
பிள்ளை பால் குடிக்கிற மாதிரி எல்லாம் இல்லை,
காய்ந்த தோசைக்கல்லில் தெளித்த மாதிரி.
நண்டுகள் வளைவிட்டு ஏறி வந்து
யாரடா இவன் என்று பார்த்தன.

கேட்பதற்கு எங்களுக்கு வாயே இல்லாத காலத்தில்
திறந்தீர் இல்லையா,
அன்றைக்கு நீரும் இப்படித்தான்
கூடவே நடந்து வந்தீரா?
உம் நகக்கண்ணிலும் சேறு ஏறிற்றா?

விடிந்ததும் அளவுக்கல்லைப் பார்த்தேன்.
ஒரு விரற்கடை இறங்கியிருந்தது.
தண்ணீர் விட்டுப்போன இடத்தில்
காயாத ஒரு கோடு.
குறைவே இல்லாதவர் என்று பாடுகிறவர்கள்
அந்தக் கோட்டைப் பார்த்திருக்க மாட்டார்கள்.
உம்மையும் நீர் என்கிறோம், இதையும் நீர் என்கிறோம்.
தெரிந்து வைத்த பெயரா, தெரியவில்லை.

யேசுவடியான் பிழைத்து வந்தால்
முறைதவறித் திறந்தேன் என்று
இன்னொரு மனு எழுதுவான்.
எழுதட்டும். உமக்கு வராத மனுவா?

தேதி, மணி, மடை எண், எத்தனை சுற்று,
எல்லாம் ரெஜிஸ்டரில் ஏற்றிவிட்டேன்.
கடைசிக் கட்டம்: திறந்த காரணம்.
பேனா மை காய்கிற வரை உட்கார்ந்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை இன்ஜினியர் வருகிறார் வே.
உம்முடைய ரெஜிஸ்டரைக் கொஞ்சம் காட்டும்.
அந்தக் கட்டத்தில் நீர் என்ன எழுதியிருக்கிறீரோ
அதையே பார்த்து எழுதிக்கொள்கிறேன்.