பக்கம் பத்தொன்பது, ஆறாம் வரி

அருளப்ப முசேயின் கையெழுத்து
எறும்பு மையில் விழுந்தெழுந்து நடந்த மாதிரி.
நெல்லித்தோப்பு அச்சுக்கூடத்தில்
அதை எழுத்தெழுத்தாய்ப் பொறுக்கிக் கோத்தவன் நான்.
புத்தகத்தின் பேர் 'இல்லத்துக்கு இருநூறு'.
விலை ஒன்றரை அணா,
காரைக்காலுக்குத் தபால்செலவு தனி.

பேனுக்கு மண்ணெண்ணெய்.
விளக்கைத் தள்ளி வை என்று ஒரு சொல் கிடையாது.
முகம் வெளுக்க வெள்ளைப் பாஷாணம்
ஊசிமுனையளவு, வெள்ளிக்கிழமை மட்டும்.
வெள்ளிக்கிழமை ஏன் என்று கேட்டேன்.
அன்றைக்கு இறைச்சி இல்லையே என்றார்.
பல் முளைக்கும் பிள்ளை அழுதால்
தாயின் காம்பில் அபின் தடவச் சொல்லும் பக்கத்துக்கு
சாமந்திப்பூ ஓரம் கட்டச் சொன்னார்.
கட்டினேன்.
அழகாய்த்தான் இருந்தது.

பத்தொன்பதில் குடற்புழு.
'குன்றிமணி எடை ரசகர்ப்பூரத்தைப்
பனைவெல்லத்தில் பொதிந்து விழுங்கக் கொடு.'
குழந்தை, கை, கற்றாழை, வேளைக்கு ஒரு உருண்டை என்று
அந்தப் பக்கம் முழுக்க ஐகாரம்.
பனைக்கு யானைத் துதிக்கை, அது வேறு அறை;
சங்கிலிக்கொம்பு தீர்ந்துபோயிருந்தது.
இரண்டு சொல்லுக்கு இடம் விட்டேன்,
பழைய பாரத்தைக் கலைத்ததும் நிரப்பலாமென்று.
ராத்திரி வேலைக்கு வந்த பையன்
ஓட்டையைப் பார்த்து, இறுக்கி மூடிவிட்டான்.

'குன்றிமணி பனைவெல்லத்தில் பொதிந்து
விழுங்கக் கொடு.'

ஐந்நூறு பிரதி.

ஆடி மாதம் குருசுக்குப்பத்திலிருந்து பச்சைவாழி வந்தாள்,
இடுப்பில் பிள்ளை, மடியில் புத்தகம்.
முந்தானை முடிச்சை அவிழ்த்து மேசையில் வைத்தாள்:
ஒரு குன்றிமணி,
கழுவித் துடைத்தது, கறுப்புக் கண்ணோடு.
"போன மாதிரியே வந்துட்டது.
புழு பாட்டுக்குப் புழு இருக்கு.
ஒன்றரை அணாவக் குடு."

முசே புத்தகத்தைப் புரட்டினார்.
என்னைப் பார்த்தார்.
என் கூலியில் கால் ரூபாய் பிடித்துக்கொண்டார்.
அவளுக்கு ஒரு அணாதான் கொடுத்தார்.
புத்தகம் படித்தது என்றார்.

அதே மாதம் அவர் வீட்டில்
மதாம் செலின் கைப்பிரதியைப் பார்த்து
லெயோனுக்கு மருந்து கொடுத்திருந்தாள்,
ஒரு சொல் குறையாமல்.
ஈறு வீங்கி, எச்சில் நூலாய் வழிந்து,
இரண்டு பற்கள் தலையணையில் கிடந்தன.
பல் விழும் வயசுதானே என்றார் முசே.
லெயோனுக்கு அப்போது மூன்று.

நான் பிழைத்தேன் என்று நினைத்தேன்.
பச்சைவாழியின் பிள்ளை என் பிழையால் பிழைத்தது என்று
ஒருநாள் சாராயத்தில் சொல்லவும் சொன்னேன்.
பெரியாஸ்பத்திரிக் கம்பவுண்டர் பக்கத்தில் இருந்தார்.
"தோல் உடையலை, அதனால போச்சு.
பிள்ளை ஒரு கடி கடிச்சிருந்தா
நீ இங்க உக்காந்திருக்க மாட்ட."
மறுநாள் எழுத்துப்பெட்டியில் கை வைக்கவே
கொஞ்ச நேரம் ஆயிற்று.

விற்காத முந்நூற்றுப் பத்துப் பிரதிக்கும்
பிழைதிருத்தச் சீட்டு ஒட்டும் வேலை எனக்கு.
'குன்றிமணி என்பதைக் குன்றிமணி எடை
ரசகர்ப்பூரத்தை என்று திருத்தி வாசிக்கவும்.'
பசையில் மயில்துத்தம் கலந்தோம்,
கரப்பான் தின்னாதிருக்க.
மத்தியானம் அதே கையால் சோறு.
ஈயம் ஒருபக்கம், துத்தம் ஒருபக்கம்,
நடுவே சுறாப்புட்டு.

சீட்டைக் கோத்தபோது
அந்த வாசகத்தை நான் கோக்கவில்லை.
வெறும் பூவோரம் கட்டினேன், உள்ளே ஒன்றுமில்லாமல்,
ஆறு வரியும் மறையும் அகலத்துக்கு.
கீழே இருந்த பாஷாணக் குறிப்பும்
பாதி மறைந்தது; மறையட்டும் என்று விட்டேன்.
முசே கண்ணாடி போடாமல் பார்த்து
நேராய் ஒட்டு என்று மட்டும் சொன்னார்.

மாசிமகத்துக்கு வைத்திக்குப்பத்தில் கடை போட்டோம்.
நூறு பிரதிக்கு மேல் போயிற்று.
வாங்கியவர்கள் எல்லாரும்
நேராய்ப் பத்தொன்பதைத் திறந்து
நகத்தால் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டே கேட்டார்கள்:
இதுக்கு அடியில என்ன போட்டிருக்கு?