வழுவமைதி

ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தை
விடிவதற்குள் மூடுபனி எடுத்துக்கொண்டு போய்விட்டது.
விடுதியின் மூன்றாம் மாடியில்
நாற்பத்தொரு பேர்,
அறுபது மடிக்கணினி,
சுவரோரம் மின்செருகிக்குச் சண்டை.

பெயரட்டைகள் பரப்பிய மேசையில்
எடுக்கப்படாமல் ஒன்று:
◌ேகா◌ேணஸ்
“இது யாருடையது? வாசிக்க வரவில்லை”
என்றாள் பதிவு செய்கிறவள்.
எனக்கு வந்தது.
ஒன்பது வருடமாக இதைத்தான் வாசிக்கிறேன்.
கொம்பு கழன்று முன்னால் ஓடி
ஏறிக்கொள்ள எழுத்தில்லாமல்
புள்ளி வட்டமொன்றைப் பிடித்தபடி நிற்கும்.

திருகோணமலையிலிருந்து அவன் வரவில்லை.
திரும்பிப் போவாய் என நம்ப இடமில்லை
என்றதாம் விசா அலுவலகக் கடிதம்.
“ஒரு நாய், கட்டி முடியாத கடன்,
கோபக்கார அண்ணன்மார் இரண்டு பேர்.
நான் திரும்பாமல்?”
என்று எழுதியிருந்தான்.
கீழே ஒரு சிரிப்பு முகம்.
அது மட்டும் எந்தத் திரையிலும் உடையாமல் வந்துவிடும்.

நான் வின்னிபெக்கில்
பல் வைத்தியரின் காப்புறுதிப் படிவங்களை நிரப்புகிறவள்.
இரவு பத்துக்குப் பிறகு
யாருக்கும் சொந்தமில்லாத ஓர் இயங்குதளத்தில்
தமிழ் நேராக நிற்கிறதா என்று பார்க்கிறவள்.
சம்பளம் கிடையாது.
விமானச் சீட்டு அவர்கள் தந்தது, சாப்பாடு என் காசு.

எத்தியன் ஆர்சனோவை அன்றுதான் நேரில் கண்டேன்.
எழுத்துருப் பொறியின் வாசற்காவல்.
என் திருத்தங்களை ஏழு முறை திருப்பியவர்.
ஆறடி இருப்பார் என்று நினைத்திருந்தேன்.
என் தோளுயரம்,
சட்டைப்பையில் பாதி தின்ற ஆப்பிள்.
“நீதானா அந்த மூன்று இடைவெளி?”
“நீங்கள்தானா அந்த ‘முடியாது’?”
பிறகு இருவருக்கும் பேச்சு வரவில்லை.
காப்பி எடுக்கப் போனோம்.

வழு என்றுதான் தமிழில் இதற்குப் பெயர் வைத்தோம்.
இலக்கணத்தில் வழுவமைதி என்றொன்று உண்டு.
பிழைதான், ஆனாலும் பொறுத்துக்கொள் என்பது.
நாயைப் பார்த்து
‘என் ராசா வந்துட்டான்’ என்றால்
அன்பினால் வந்த பிழை, விட்டுவிடலாம்.
இங்கே அதற்கு
‘சரிசெய்யப்படாது’ என்று முத்திரை.
யாருடைய அன்பினால் என்று எழுத இடமில்லை.

நாலு மணி அமர்வு.
அங்கே நள்ளிரவு தாண்டி அரை மணி.
நாற்காலியில் என் மடிக்கணினியை உட்காரவைத்து
மூடியில் அவன் அட்டையைத் தொங்கவிட்டேன்.
கோணேஸ் மின்விசிறிக்குக் கீழே
வெறும் மேலோடு தோன்றி,
நாற்பத்தொரு பேரைக் கண்டு
எழுந்து ஓடி,
சட்டையோடு திரும்பி வந்தான்.
கடிதம் எழுதிய அதிகாரி பார்த்திருக்க வேண்டும்.

“கண்ணுக்கு முன்னால் நிற்கும் கொம்பு
நினைவகத்தில் பின்னால் இருக்கிறது.
அழிப்பு விசையை ஒரு தட்டுத் தட்டினால்
எது போக வேண்டும்,
உயிரா, மெய்யா?”
நான் சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் சொன்னேன்.
அறை தேவாலயம்போல் ஆகிவிட்டது.
இல்லை இல்லை,
அவை வெறும் எழுத்துகளின் பெயர் என்று நான் தொடங்குமுன்
இணைப்பு அறுந்தது.
அவன் முகமிருந்த இடத்தில்
சுற்றிக்கொண்டே ஒரு புள்ளி வட்டம்.

எல்லோரும் அதையே பார்த்திருந்தோம்.
எத்தியன்தான் பேசினார், யாரிடமும் இல்லாமல்:
“என் முதலெழுத்தின் தலையில் ஒரு கோடு உண்டு.
வங்கிக்காரன் அதைக் கேள்விக்குறியாக அச்சடித்தான்.
பதினொரு வருடம் நான் ?த்தியன்.”
ஒற்றை விரலால் எதையோ தட்டினார்.
முத்திரை போகவில்லை.
பக்கத்தில் ‘மறுபடி திறக்கப்பட்டது’ என்று
சின்னதாய் ஒரு வரி.
அமர்வு முடிந்தது. பீட்சா வந்தது.

இரவு வரவேற்பு மேசையில்
அட்டையை அஞ்சலில் அனுப்பக் கேட்டேன்.
பேனாவால் கொம்பை உரிய இடத்தில் வைத்திருந்தேன்,
கொஞ்சம் கோணல்.
இதற்கும் விசா வேண்டுமா என்றதற்குப்
பையன் சிரிக்கவில்லை, சுங்கப் படிவம் எடுத்தான்.
உள்ளே இருப்பது: பெயர், ஒன்று.
மதிப்பு பூச்சியம் போடவா என்றான்.
ஒரு டாலர் போடு, என்றேன்.