இருநூற்று இருபத்தொன்பது பாகை

அருமண் என்று பெயர்.
அப்படியொன்றும் அரிதில்லை,
வெள்ளியைவிட இட்டெர்பியம் பூமியில் அதிகம்.
ஓரிடத்தில் சேர்ந்து கிடக்காது, அவ்வளவுதான்.
பிரித்தெடுக்கத்தான் காசு.

பேராதனையில் ஆறு மாதம் உருக்கினோம்,
நானும் நிலூக்காவும்.
கோபால்ட்டும் அந்திமனியும் கூடு கட்டும்.
கூட்டின் நடுவே ஒற்றை இட்டெர்பியம்
உண்டியலில் விழுந்த ஒரேயொரு காசு போலக்
கிலுங்கிக்கொண்டே இருக்கும்.
அந்தக் கிலுக்கத்தில் சூடு வழி தவறும்.
இலத்திரன் தவறாது, நேரே போய்விடும்.

கூடு என்றதும்
பத்துக்குப் பன்னிரண்டு லயத்துக் காம்பராவை
உவமையாக எழுதச் சொன்னார் ஒரு நண்பர்.
காம்பராவில் பிறந்தவள் நான். மாட்டேன் என்றேன்.
அணுவுக்குக் கூரை ஒழுகாது.

மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தொழிற்சாலை.
தூள் காயவைக்கும் அடுப்பின் புகைக்குழாயில்
தகட்டை வைத்து முடுக்கினோம்.
ஒரு முகம் நெருப்புக்கு: இருநூற்று நாற்பது.
மறுமுகம் ஓடைத் தண்ணீருக்கு: பதினொன்று.
இடையில் நாலு மில்லிமீற்றர்.
சூடு மட்டும் இருந்தால் இது அசையாது,
பக்கத்திலேயே குளிரும் வேண்டும்.
மலையில் குளிருக்கா பஞ்சம்.

விறகு போடுகிற சவரியப்பன்
கையுறையைக் கழற்றாமலே கேட்டார்,
இது என்ன செய்யும்?
சொன்னேன்.
"அப்ப நெருப்புக்கிட்ட வாடகை வாங்குறீங்க."
ஆமாம், நூற்றுக்கு ஐந்து.
"அஞ்சுதானா?
ரொம்ப ஏமாந்த வீட்டுக்காரி நீங்க."

விறகு இறக்கும் படியில்
சின்ன எல்ஈடி ஒன்றைத் தொங்கவிட்டோம்.
போன மாரியில் அவருடைய முழங்கால் பிசகியது
அந்தப் படியில்தான்.

கீழே நீர்த்தேக்கம் இருட்டில் கிடந்தது.
அங்கே பிறந்த மின்சாரம்
எங்கள் தலைக்கு மேலே கம்பியில் கொழும்புக்குப் போனது.
எங்கள் லயத்துக்கு அது இறங்கி வர
எட்டாம் வகுப்புவரை காத்திருந்தேன்.
இதுவும் உவமை இல்லை. தகவல்.

நாலாம் இரவு, இரண்டு பத்துக்குக் கரண்ட் போனது.
விசிறி நின்றது. ரோலர் நின்றது.
ஜெனரேட்டர் இருமி இருமிப் படுத்துக்கொண்டது.
காற்று நின்ற பின்னும் அடுப்பு சிவந்துகொண்டே போக
தட்டுகளில் இருநூறு கிலோ தூள்
கருகக் காத்திருந்தது.
அத்தனை இருட்டிலும் படியில் அந்த விளக்கு,
ஒன்றுமே நடக்காததுபோல.

அதன் வெளிச்சத்தில்தான்
சவரியப்பன் அடுப்புக் கதவைத் திறந்தார்,
கொக்கியால் கங்குகளைச் சிமெந்துத் தரைக்கு இழுத்தார்.
நிலூக்கா வாளி வாளியாக ஊற்றினாள்,
"பொட்டக் இன்ன, பொட்டக் இன்ன" என்றபடி,
நெருப்பிடம் சொன்னாளா விளக்கிடமா தெரியாது.
நான் மீற்றரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
வெட்கமாகத்தான் இருந்தது.
மூன்று தசம் ஒன்று. இரண்டு தசம் எட்டு.
கங்கு ஒன்று வெளியே வர வர
விளக்கு அந்த அளவுக்கு மங்கியது.
தன்னை எரிய வைப்பதை அணைக்கத்
தானே வெளிச்சம் பிடித்தது.

கடைசிக் கங்கைத் தேடும்போது
விளக்கு இல்லை.
கங்கே தன்னைக் காட்டிக் கொடுத்தது.

விடிந்ததும் பார்த்தால் தகட்டில் மயிரிழை விரிசல்.
சட்டென்று குளிர்ந்ததில் ஒரு கால் பிளந்திருந்தது,
ஓரமெல்லாம் கறுத்து.
பூச்சை மாற்ற வேண்டும், பற்றாசையும்.
நிலூக்கா குறிப்பேட்டில் தோல்வி என்று எழுதினாள்.
அடித்துவிட்டுப்
பதினொரு நிமிடம் என்று எழுதினாள்.

பல்பைக் கழற்றப் போனேன்.
"இருக்கட்டும்" என்றார் சவரியப்பன்.
தகடு இல்லாமல் எரியாதே என்றேன்.
"தெரியும். இருக்கட்டும்."

ஹட்டன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டேன்,
பழைய பேப்பரில் சுற்றி.
வளைவுக்கு வளைவு பஸ் சாய்ந்தது.
மீற்றரின் இரண்டு கம்பிகளையும்
சும்மா தொட்டுப் பார்த்தேன்.
இரண்டு முகத்திலும் என் உடம்புச் சூடு.
வோல்ட் பூச்சியம்.